முதலில் பார்த்தவன்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. மடியில் பிள்ளை வைத்திருப்பவள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளம்மா. தம்பி, அந்தப் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வை. ஒரு யானைக் கதை சொல்கிறேன். பாதி நம் பக்கத்து யானை. மீதி, கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் நடுவயிற்றில் இருக்கும் மழைக்காட்டு யானை. யானைக் கதை என்றால் சிரிப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். இது அழவைக்கும் கதை. உங்களை அழவைக்க எனக்கு மனசில்லை, ஆனால் இதை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

தளிக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். அங்கே நாராயணப்பன் என்று ஒரு விவசாயி. ராகி, அவரை, தண்ணீர் இருந்தால் முட்டைக்கோஸ். அவர் மனைவி பூவம்மாள். ஒரே மகன் மாதேஸ்வரன், ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. மனைவி பிரியதர்ஷினியோடும் நாலு வயது மகளோடும் ஓசூரிலேயே குடியிருந்தான். வார லீவு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவான். குருவி, கழுகு, மான், எதுவானாலும் படம் பிடிப்பான்.

ராகி கதிர் பிடித்தால் அந்த ஊருக்கு யானை வரும். அதனால் ஐப்பசியில் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, யார் எந்தப் பரணில் எந்த நாள் காவல் என்று முறை எழுதிவிடுவார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: முதலில் பார்த்தவன் கத்த வேண்டும். சின்னப் பிள்ளையோ, குடித்துவிட்டு வருபவனோ, விருந்தாளியோ, யார் பார்த்தாலும் சரி. "ஆனெ பந்தூ!", யானை வந்துவிட்டது என்று கன்னடத்தில்தான் கத்துவார்கள். தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு மூன்றுக்கும் அது புரியும். ஒரு பரணில் எழுந்த சத்தத்தை அடுத்த பரண் வாங்கிக் கத்தும். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை யாரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள். வரப்புத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாத பங்காளிகூட, பங்காளி வயலில் யானையைப் பார்த்தால் கத்துவான். கத்தாமல் இருந்தவன் என்று ஒருவனை அந்த ஊர் கண்டதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்கழி விடியல். நாராயணப்பன் பரணில் இருந்தார். பனி எதிரே கையை நீட்டினால் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இராப் பொழுதெல்லாம் விழித்திருந்த மனிதருக்கு, விடிந்துவிட்டது என்ற தைரியத்தில் கண் சொக்கிவிட்டது. பூவம்மாள் பனி ஈரத்தோடு அவரைக்காய் பறிக்கலாம் என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். சத்தம் எதுவும் கேட்காததால்தான் போனாள். யானைகள் அவரைத் தோட்டத்துக்குள் இருந்தன.

அதற்கு மேல் அந்த இடத்தை நான் சொல்ல மாட்டேன்.

ஊர் நாராயணப்பனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வருடம் முறை எழுதும்போது அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். பட்டியலைப் படிக்கும் வெள்ளைச்சாமி அந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அதற்கும் அடுத்த வருடமும் அப்படியே. நாராயணப்பன் ஒவ்வொரு முறையும் வந்து பின்னால் நின்று, முழுப் பட்டியலையும் கேட்டுவிட்டுப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் நடந்தது: தூங்கினவன். அவரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார். கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டார். வயலைப் பார்த்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார், திடுக்கென்று திறப்பார்.

இனி மாதேஸ்வரன் நெஞ்சில் இருந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு அவனுக்கு லீவு. விடிவதற்கு முன்பே எழுந்து ஏரிக்கரைக்குப் போயிருந்தான். வீட்டில் படுத்துத் தூங்குகிறான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அங்கே பனிக்குள்ளிருந்து ஏழு யானைகள் வந்தன. கூட ஒரு குட்டி, இன்னும் உடம்பில் செம்மயிர் போகாத குட்டி. அவன்தான் முதலில் பார்த்தவன். கத்தியிருக்க வேண்டும். கத்தினால் குட்டி ஓடிவிடும். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கத்தலாம் என்று இருந்தான். எட்டு நிமிடம். கத்த வாயெடுப்பதற்குள் அவரைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்திருந்தது. பிறகு கேமராவில் பதிந்திருந்த நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தான், எட்டு நிமிடம்.

ஊர் தனக்குள்ளே அப்பனைத் தூங்கினவன் என்று முடிவுகட்டியபோது மாதேஸ்வரன் தலையைக் குனிந்து நின்றான். தாயைப் பறிகொடுத்த துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வருடமும் நினைத்தான். ஓசூரிலிருந்து ஒவ்வொரு வாரமும் சொல்வதற்காகவே பஸ் ஏறுவான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுவான்.

கிருஷ்ணகிரியில் ஆனந்தராஜ் என்று ஒருவர் இருந்தார். மாம்பழக் கூழ் தயாரிக்கும் குடும்பம், ஆனால் மனிதருக்குக் காட்டுப் பைத்தியம். வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு எங்காவது காட்டுக்குப் போவார். அந்த வருடம் காங்கோ ஆற்றுப் பக்கத்து மழைக்காடு. கொரில்லா, காட்டு யானை, அப்புறம் காட்டுக்குள்ளேயே வாழும் ஜனங்களோடு இரண்டு நாள். மாதேஸ்வரன் பெயர் கொடுத்திருந்தான். கூட வருவதாக இருந்த ஒருவர் முதுகு பிடித்துக்கொண்டது என்று நின்றுவிட்டார். காலி இடத்தைக் கேட்டதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஊர்க்காரன் ஒருவனும் இல்லாத இடத்தில், அப்பாவிடம் சொல்லிவிடலாம்.

"நான் எதுக்குடா அங்க? இங்க பார்த்த யானை பத்தாதா?" என்றார் நாராயணப்பன்.

"அங்க காட்டுக்குள்ளயே ஜனங்க இருக்காங்கப்பா. வேலி கெடையாது, பட்டாசு கெடையாது. யானையோடவே இருக்காங்க."

அவர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ காவலுக்கு யாரு முழிச்சிருப்பாங்க?"

"தெரியலப்பா. போய்க் கேக்கலாம்."

"சரி. கேட்டுப் பாக்கலாம்."

பெங்களூரு போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டார்கள். அடிஸ் அபாபாவில் விமானம் மாறினார்கள். அதற்கப்புறம் இன்னொரு சின்ன விமானம், ஒரு பகல் முழுக்கச் செம்மண் ரோட்டில் ஜீப், பிறகு படகு. குழுவில் மேகலா என்று ஓசூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. சும்மா இருக்கத் தெரியாதவர்.

"ஏங்கய்யா, ஏறுனதுல இருந்து ஜன்னலையே பாக்கறீங்களே. வெளிய வெறும் மேகம்தான?"

"மேகத்துல என்னா பயிர் வெச்சிருக்காங்கன்னு பாக்கறேன்மா."

மேகலா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா வேடிக்கையாகப் பேசிக் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது மாதேஸ்வரனுக்கு. இப்போது சொல்ல வேண்டாம், இந்தச் சிரிப்பு முடியட்டும் என்று விட்டுவிட்டான். படகில் சொல்லலாம் என்று நினைத்தான். படகிலும் அப்பா கரையோர மரங்களைக் காட்டி, "இதுல ஒண்ணு நம்மூர்ல இருந்தா ஊரே நெழல்ல ஒக்காரலாம்டா" என்று சந்தோஷமாக இருந்தார். அங்கேயும் சொல்லவில்லை.

அந்தக் காடு நம் காடு மாதிரி இல்லை கண்ணுகளா. நம் பக்கம் மரத்துக்கு மரம் இடையில் வானம் தெரியும். அங்கே நடுப்பகலிலும் பச்சை இருட்டு. மழை நின்ற பிறகும் இலையிலிருந்து மழை பெய்துகொண்டே இருக்கும். கொசு அளவுக்கு ஒரு தேனீ வியர்வை குடிக்கக் கண்ணிலும் காதிலும் வந்து ஒட்டும். காலில் சேறு, மேலெல்லாம் ஈரம். நாராயணப்பன் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பில் நடப்பதுபோல நடந்தார்.

காட்டு ஜனங்களின் குடிசைகள் கொம்பை வளைத்துக் கட்டி இலை வேய்ந்தவை, கவிழ்த்த கூடை மாதிரி. பெண்கள் கூடி உட்கார்ந்து பாடினார்கள். ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி அறுத்துக்கொண்டு போக, மூன்றாமவள் நடுவில் புகுந்து, யார் குரல் எது என்று பிரிக்க முடியாமல் காடே பாடுவதுபோல இருந்தது. மேகலா அவர்களோடு கை தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தடம் பார்த்து வழிகாட்டுபவர் மொபேயா என்ற நரைத்தாடிக்காரர், மாதேஸ்வரனின் தோள் உயரம்தான் இருப்பார். நாராயணப்பன் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். கேட்க வந்ததைக் கேட்டார். அவர் தமிழில் கேட்க, ஆனந்தராஜ் இங்கிலீஷில் சொல்ல, கூட வந்த அந்த நாட்டுக் காட்டு இலாகா ஆள் அதை அவர்கள் பேச்சில் சொன்னார்.

"யானை வந்தா இங்க யாரு சத்தம் குடுப்பாங்க?"

பதில் வந்தது. சத்தம் கொடுக்க மாட்டார்களாம். முதலில் பார்த்தவன் பக்கத்தில் இருப்பவனைத் தொடுவான். அவன் அடுத்தவனைத் தொடுவான். கடைசி ஆள் வரைக்கும் கை போகும். எல்லாரும் அப்படியே நின்று, வேறு வழியில் போய்விடுவார்களாம்.

நாராயணப்பன் விடவில்லை. "பாக்க வேண்டியவன் தூங்கிட்டா?"

மொபேயா தோளைக் குலுக்கினார். தூங்குவான், மனுஷன்தானே, வேறு யாராவது பார்ப்பார்கள் என்றார்.

"பார்த்தவன் தொடலைன்னா?"

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மொபேயா ஏதோ சொன்னார். ஆனந்தராஜ் தமிழில் சொன்னார்: "அப்படி ஒருத்தன் எப்படி இருப்பான்னு கேக்கறாருங்கய்யா."

"அதான?" என்று நாராயணப்பனும் சிரித்தார். மாதேஸ்வரன் எழுந்து குடிசைகளுக்குப் பின்னால் போனவன், இராச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

மறுநாள் யானை பார்க்கப் போனார்கள். காட்டுக்கு நடுவில் மரமே இல்லாத பெரிய சதுப்பு. அதன் ஓரத்தில் மரத்தாலான உயர்ந்த மேடை. "நம்ம பரண்தான்டா இது!" என்றார் நாராயணப்பன். கீழே நாற்பது யானைக்குக் குறையாது. நம் யானையைவிடச் சிறியவை, காது வட்டமானவை, தந்தம் வளையாமல் நேராக மண்ணைப் பார்க்கும். தும்பிக்கையைச் சேற்றுக்குள் ஆழமாக விட்டு, ஊதி ஊதி உப்புத்தண்ணீர் எடுத்துக் குடித்தன. ஒருவரும் பேசக்கூடாது, இருமக்கூடக் கூடாது என்று சொல்லித்தான் மேலே ஏற்றியிருந்தார்கள். கேமராக்கள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன.

எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாராயணப்பன் மட்டும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பரணில் இருப்பவன் பயிரைப் பார்க்கமாட்டான். பயிருக்கு வரும் வழியைத்தான் பார்ப்பான். கொஞ்ச நேரம் கழித்து மேகலா ஒதுங்க வேண்டும் என்று சைகை காட்டினார். மொபேயா அவரைக் கீழே கூட்டிக்கொண்டு, வந்த தடத்திலேயே கொஞ்ச தூரம் போனார். அப்போதுதான் அந்தத் தடத்தில் இலைகள் விலகின. சாம்பல் நிற நெற்றி ஒன்று வெளியே வந்தது. மேகலாவுக்கும் அதற்கும் இருபது எட்டுகூட இருக்காது.

"ஆனெ பந்தூ! ஆனெ பந்தூ! ஓ... ஆனெ!"

அந்தச் சத்தத்தை அந்தக் காடு என்றைக்கும் கேட்டிருக்காது. தண்ணீர்ப் பாட்டிலால் மேடைப் பலகையை இடித்துக்கொண்டே நாராயணப்பன் கத்தினார். சதுப்பில் இருந்த நாற்பது யானைகளும் பிளிறிக்கொண்டு ஓடின. சேறு ஆள் உயரத்துக்குத் தெறித்தது. தடத்தில் நின்ற யானையும் மரத்தை உரசிக்கொண்டு திரும்பி ஓடிவிட்டது. மூச்சு இழுத்து விடுவதற்குள் அந்த வெளியில் கொக்குகளைத் தவிர ஒன்றுமில்லை.

மொபேயா மேலே ஏறி வந்து வருத்தத்தோடு பேசினார். யானை வருவது அவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டதாம். மேகலாவைத் தொட்டு, பெரிய மரத்து வேருக்குப் பின்னால் நிறுத்தியாகிவிட்டதாம். அது தன்பாட்டுக்குக் கடந்து போயிருக்கும். இனி இரண்டு நாளைக்கு ஒன்றும் வராது என்றார். ஆனந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். பெங்களூருக்காரர் ஒருவர் லென்ஸைக் கழற்றிக்கொண்டே, "இதுக்கா சார் நாலு நாள் வந்தோம்?" என்றார்.

"அந்த மனுசன் என் உசுருக்காகக் கத்துனாரு. உன் போட்டோவக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றார் மேகலா.

நாராயணப்பன் காதில் எதுவும் விழவில்லை. முகம் மலர்ந்திருந்தது. மேடையை விட்டு இறங்கி, கீழ்ப்படியில் மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழிச்சிருந்தேன்டா. பாத்தியா? கண்ணு மூடல. வந்த ஒடனே கத்திட்டேன். உங்கம்மாவுக்குக் கேட்டிருக்குமாடா?"

அதைக் கேட்ட பிறகு மாதேஸ்வரனால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அன்னைக்கு நானும் முழிச்சிருந்தேன்."

"என்னைக்கு?"

"அம்மா போன அன்னைக்கு. ஏரிக்கரையில இருந்தேன். ஏழு யானை, ஒரு குட்டி. நாந்தான் மொதல்ல பார்த்தேன்."

"கத்துனியா?"

"இல்லப்பா. குட்டி ஓடிடும்னு... ஒரு போட்டோ..."

"எவ்ளோ நேரம்?"

"எட்டு நிமிசம்."

நாராயணப்பன் பிடித்த கையை விடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வீட்டிலிருந்து அவரைத் தோட்டத்துக்கு ஆறு நிமிட நடை. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும்.

"அந்தப் போட்டோ இருக்குதா?"

போனை எடுத்துக் காட்டினான். பனி, அதற்குள் பொன்னிற வெளிச்சம், தாயின் காலுக்கு நடுவில் குட்டி. அழகான படம்தான். நாராயணப்பன் குட்டியைப் பார்க்கவில்லை. படத்தின் வலது ஓரத்தில், பனி கிழிந்த இடத்தில், தூரத்தில், செக்கச்செவேலென்று ஒரு புள்ளி இருந்தது.

"இது யாருடா?"

"அம்மா. எடுக்கும்போது நான் பாக்கலப்பா. அப்புறம் ஒரு நாள் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசு பண்ணப்போதான்..."

அவர் மறு கையால் போனை வாங்கிக்கொண்டார். மகன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். முகம் தெரியவில்லை. இடுப்பில் கூடை, தலையில் சிவப்புத் துண்டு.

"பனிக்கு முக்காடு போட்டுகினு போறா பாரு," என்றார்.

எவ்வளவு நேரம் பார்த்தாரோ. மேலே ஆட்கள் மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அழிச்சிடு."

"அப்பா..."

"அழிடா. இது இருந்தா என்னைக்காவது யாருக்காவது காட்டுவ. நாளைக்கு உம் பொண்ணு பாக்கும். வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழி. ஊர்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. தூங்குனவன் நாந்தான். தூங்குனது பொய் இல்லையே? அப்படியே இருந்துட்டுப் போறேன்."

"நீ ஏம்ப்பா சுமக்கணும்?"

நாராயணப்பன் அப்போதுதான் கையை விட்டார்.

"மூணு வருசமா நாந்தான சுமந்துகினு கெடந்தேன். அப்போ நீ கேக்கலையே."

மாதேஸ்வரன் படத்தை அழித்தான். அப்பா பார்த்துக்கொண்டிருக்க அழித்தான். ஓசூர் போனதும் கம்ப்யூட்டரிலும் கேமராவிலும் இருந்ததையும் அழித்தான். பூவம்மாள் உயிரோடு நடந்த கடைசிப் படம் அதுதான்.

மீதி நாட்களில் கொரில்லாவும் பார்த்தார்கள், ஆற்றில் குளித்தார்கள். மேகலாவோடு நாராயணப்பன் பேசினார். மொபேயாவோடு சைகையில் பேசினார், புறப்படும்போது கட்டிப்பிடித்துக்கொண்டார். மகனோடு மட்டும் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஐப்பசி வந்தது. கோயில் முன்னால் கூட்டம். வெள்ளைச்சாமி பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் தொண்டையைச் செருமினார். பின்னால் நின்ற அப்பாவின் கழுத்து தாழ்வதைப் பார்த்தான் மாதேஸ்வரன். அப்பா சொன்னதை மீறி எழுந்துவிட்டான்.

"மாமா, நிறுத்துங்க. எங்கப்பா தூங்குனது நெசம். ஆனா நான் முழிச்சிருந்தேன். யானைய மொதல்ல பார்த்தது நானு. நாந்தான் கத்தல." ஏரிக்கரை, குட்டி, எட்டு நிமிடம், எல்லாவற்றையும் சொன்னான்.

வெள்ளைச்சாமி பட்டியலைக் கீழே வைத்தார்.

"பொய்," என்றார் நாராயணப்பன். எல்லாரும் திரும்பினார்கள். "எம்மவன் பொய் சொல்றான். அன்னைக்கு அவன் வீட்டுல தூங்கிகினு இருந்தான். நாந்தான் போய் எழுப்புனேன்."

"அப்பா, வாணாம்ப்பா. சாமி முன்னால நிக்கறோம்."

"நானும் சாமி முன்னாலதான் நிக்கறேன். போட்டோ எடுத்தேன்னு சொல்றானே, எங்க போட்டோ? காட்டச் சொல்லுங்க."

மாதேஸ்வரனிடம் காட்ட ஒன்றுமில்லை. பெரியதம்பி என்ற பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்யா! அப்பன் மானத்துக்காகப் பழியத் தன் தலையில அள்ளிப் போட்டுக்கறான் பாருங்க." பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஒருவர் அவன் முதுகைத் தட்டினார். "இல்ல, நெசமாத்தான் சொல்றேன்" என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் நல்லவனாகிக்கொண்டே போனான்.

வெள்ளைச்சாமி பேனாவை எடுத்தார். "இந்தப் புள்ள மொகத்துக்காக, நாராயணப்பனுக்கு ஒரு முறை எழுதறேன். தொணைக்கு மாதேஸ்வரனும் அதே பரண்ல ஒக்காரட்டும்" என்று எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் மாதேஸ்வரன், அவனுக்கு அத்தை முறையாகும் என்னிடம் வந்தான். இப்போது உங்களுக்குச் சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்களாவது நம்பறீங்களா அத்தை?" என்று கேட்டான். "நம்பறேன்டா சாமி" என்றேன். அவன் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. உலகத்தில் ஒருவர் நம்பினால் போதும் என்றிருந்தான். இப்போது நீங்களும் நம்புகிறீர்கள் அல்லவா, அதற்காகத்தான் சொன்னேன்.

முறை வரும்போது அவன் ஓசூரிலிருந்து வந்துவிடுகிறான். ஒரே பரணில் அப்பனும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரியதர்ஷினி இரண்டு தூக்கில் களி கொடுத்தனுப்புகிறாள். ஒரே தூக்கில் கொடுத்தால் பெரியவர் தொடுவதில்லை. இருவரும் கண் மூடுவதில்லை. இருவரும் பேசுவதுமில்லை.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் கண்ணுகளா. பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். அசந்து தூங்குபவரை எழுப்பிவிட ஒரு கை பக்கத்தில் இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லும் தைரியம் பிள்ளைகளுக்கும், கேட்டுவிட்டு இலையில் சோறு போடும் மனசு பெரியவர்களுக்கும் வாய்க்கட்டும். காலையில் வெளியே போனவர்கள் எல்லாரும், சாயங்காலம் உங்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும்.